இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்பு: குறைந்த செலவில் போனும் சிம்மும் எப்படி?

முசிறிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் ஷெஃபீல்டுக்கு எம்எஸ்சி படிக்கப் போகிறேன், ஒரு வருடப் படிப்பு. கல்விக் கடன் வாங்கித்தான் போகிறேன் என்பதால் மாதச் செலவை இப்போதே நோட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாவற்றுக்கும் ஓரளவு கணக்கு வந்துவிட்டது. போன் என்று எழுதிய வரியில் மட்டும் என்ன தொகை போடுவது என்றே தெரியவில்லை, ஒருவர் ஐந்து பவுண்டு போதும் என்கிறார், இன்னொருவர் முப்பத்தைந்து ஆகும் என்கிறார்.

என்னிடம் இருப்பது இரண்டு வருடத்துக்கு முன் திருச்சியில் வாங்கிய ரியல்மி போன், நன்றாகத்தான் இருக்கிறது. அதையே கொண்டுபோகலாமா, இல்லை அங்கே போய் வேறு வாங்க வேண்டுமா? சிம்மை இங்கிருந்தே வாங்கிப் போவதா, அங்கே போய் வாங்குவதா? இந்திய நம்பரையும் விட முடியாது, பேங்க் ஓடிபி எல்லாம் அதில்தான் வருகிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வீட்டுக்குப் பேசுவது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் வீட்டில் இருப்பது பட்டன் போன். அம்மாவுக்குக் கண் புரை அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து தொடுதிரை பக்கமே போவதில்லை, அப்பா பாதி நேரம் வாழைத் தோட்டத்தில் இருப்பார், அங்கே நெட் எடுக்காது. தினமும் ஒரு தடவையாவது அம்மா குரல் கேட்காமல் எனக்கு ஓடாது. அதனால் சாதாரண போன் காலாகவே பேசியாக வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அண்ணன் அக்காமார்களே.


பனிக்காலம்:

வாழ்த்துகள் தம்பி. நானும் ஷெஃபீல்டில்தான் படித்தேன், இப்போது இங்கேயே வேலை. முதலில் சிம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், போனைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

பிரிட்டனில் சொந்தமாக டவர் வைத்திருப்பவை ஈஈ, ஓ2, வோடஃபோன், த்ரீ ஆகியவை மட்டும்தான். அதிலும் வோடஃபோனும் த்ரீயும் 2025 மே மாதக் கடைசியில் ஒரே நிறுவனமாக இணைந்துவிட்டன. மற்ற பெயர்கள் எல்லாம் இவர்களுடைய டவரை வாடகைக்கு எடுத்து விற்பவைதான். கிஃப்காஃப், டெஸ்கோ மொபைல் இரண்டும் ஓ2-வில் ஓடுகின்றன. ஸ்மார்ட்டி, ஐடி மொபைல் இரண்டும் த்ரீ. லெபாரா, வாக்ஸி வோடஃபோன். லைக்கா இப்போது ஈஈ. அதே டவர், அதே சிக்னல், விலை மட்டும் பாதிக்குப் பாதி குறையும், அதனால் பெரிய பெயர்களின் கடை வாசலை மிதிக்கவே தேவையில்லை.

நீங்கள் தேட வேண்டியது சிம் மட்டும் உள்ள 30 நாள் திட்டம். இதற்குக் கடன் வரலாறு எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம். மாதம் 5 முதல் 10 பவுண்டுக்குள் ஒரு மாணவருக்குத் தாராளமாகப் போதுமான டேட்டாவும், பிரிட்டனுக்குள் அளவில்லாத கால்களும் கிடைத்துவிடும். பல்கலைக்கழகத்திலும் நூலகத்திலும் மாணவர்களுக்கான எடுரோம் வைஃபை உண்டு, தங்கும் விடுதியிலும் பெரும்பாலும் வைஃபை வாடகையிலேயே சேர்ந்திருக்கும். அதனால் நூறு ஜிபி என்று விளம்பரத்தில் பார்த்து மயங்க வேண்டாம், எனக்கு எந்த மாதமும் அதில் கால்வாசி கூடச் செலவானதில்லை.

இந்தியாவைப் போல் ஆதார், கைரேகை, போட்டோ எதுவும் இங்கே ப்ரீபெய்டு சிம்முக்குக் கேட்பதில்லை. இணையத்தில் கேட்டால் சிம்மை இலவசமாகத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் சீனியர் யாருடைய முகவரிக்காவது முன்கூட்டியே வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் தானியங்கி இயந்திரத்தில் விற்கும் சிம் வேண்டவே வேண்டாம், அவசரத்தில் இருப்பவர்களுக்காக வைத்த விலை அது. மான்செஸ்டரில் இறங்கினால் நிலையத்திலிருந்தே ரயில் இருக்கிறது, விமான நிலைய வைஃபையில் வீட்டுக்கும் சீனியருக்கும் ஒரு செய்தி போட்டுவிட்டு ஏறி, நகரத்துக்குள் பிக்காடில்லி நிலையத்தில் வேறு ரயில் மாறினால் ஷெஃபீல்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

ஒரு சின்னச் சிக்கல் வரும், அதற்குத் தயாராக இருங்கள். இங்கே பேங்க் அக்கவுன்ட் திறக்கச் சில வாரம் ஆகலாம், அதுவரை இந்திய கார்டால் இணையத்தில் ரீசார்ஜ் செய்யப் பார்த்தால் சில தளங்கள் ஏற்காது. முகவரி பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப வரும். அப்போது தெருமுனைக் கடைக்குப் போங்கள், பேபாயின்ட் என்று மஞ்சள் பலகை தொங்கும், பணத்தைக் கொடுத்து இந்த நிறுவனத்துக்கு இத்தனை பவுண்டு டாப்-அப் என்றால் ரசீதில் ஒரு நீள எண்ணை அச்சிட்டுத் தருவார்கள், அதை போனில் அடித்தால் முடிந்தது. அந்த ரசீதை ரீசார்ஜ் ஏறும் வரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிளம்பும் முன் இந்திய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைப்பதையும் மறக்க வேண்டாம், பேங்க் செயலியில் அது மூடியேதான் இருக்கும்.


அலைவரிசை:

போன் பற்றி நான் சொல்கிறேன், வேலையே இந்தத் துறைதான். இந்தியாவில் வாங்கிய போன் பிரிட்டனில் வேலை செய்யுமா என்று கேட்டால் எல்லோரும் செய்யும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். எங்கே, எந்த நெட்வொர்க்கில், எதற்கு வேலை செய்யும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது அலைவரிசை. இந்தியாவில் 4ஜி பெரும்பாலும் பேண்ட் 3, 5, 8, 40 போன்றவற்றில் ஓடுகிறது, நம் ஊருக்கென்று தயாரிக்கும் விலை குறைந்த போன்களில் அவற்றுக்கு ஏற்ற வசதி மட்டுமே வைப்பார்கள். பிரிட்டனில் கட்டடத்துக்குள்ளும் கிராமப்புறத்திலும் சிக்னலைக் கொண்டு வந்து சேர்ப்பது பேண்ட் 20, அதாவது 800 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர் போன்கள் பலவற்றில் அது இருப்பதே இல்லை. அப்படிப்பட்ட போன் நகர நடுவில் பேண்ட் 3-ல் ஜோராக ஓடும், தடிமனான கல் சுவர் வைத்த பழைய வீட்டுக்குள் போனால் கோடு ஒன்றாகக் குறையும், ஷெஃபீல்டை விட்டு பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பக்கம் நடக்கப் போனால் சுத்தமாகப் போய்விடும். உங்கள் மாடல் எண்ணை அமைப்புகளில் போனைப் பற்றி என்ற பக்கத்தில் பாருங்கள், ஆர்எம்எக்ஸ் என்று தொடங்கும். அதை வைத்துத் தேடினால் எந்தெந்த பேண்ட் என்று பட்டியலே கிடைக்கும். பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரில் ஐரோப்பாவுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என்று விற்பார்கள்.

இரண்டாவது இதைவிடப் பெரிய விஷயம், வோல்ட்இ. டேட்டாவோடு சேர்த்துக் குரலையும் 4ஜி-யிலேயே அனுப்புவது அது. ஜியோவில் பேசிப் பழகிய நமக்கு அது தானாக வந்துவிடும் என்று தோன்றும், பிரிட்டனில் அப்படி இல்லை. எந்தெந்த போனுக்கு அனுமதி என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, வெளிநாட்டு மாடல்கள் பல அதில் இல்லை. முன்பெல்லாம் வோல்ட்இ இல்லாவிட்டால் கால் வரும்போது போன் 3ஜி-க்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். இப்போது அந்த 3ஜி-யே இல்லை, ஈஈ, வோடஃபோன் 2024-லேயே அணைத்துவிட்டன, ஓ2 2025-ல் அணைக்கத் தொடங்கியது. அதனால் கால் 2ஜி-க்கு இறங்கும், பேசி முடியும் வரை நெட் நின்றுவிடும். த்ரீயின் கதை இன்னும் மோசம், அவர்களிடம் 2ஜி என்பதே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆக வோல்ட்இ ஒத்துவராத போனில் த்ரீ, ஸ்மார்ட்டி, ஐடி மொபைல் சிம்களில் ஏதாவதொன்றைப் போட்டால் யூடியூப் எல்லாம் ஓடும், கால் மட்டும் போகாது. அவசரமாக யாரையாவது கூப்பிட வேண்டிய நாளில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது தம்பி.

சோதிப்பது சுலபம். சிம்மைப் போட்டு நூலக வாசலில் நின்று நண்பர் யாருக்காவது கால் போடுங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல் மூலையைப் பாருங்கள். 4ஜி அல்லது வோல்ட்இ குறி அப்படியே நின்றால் நல்லது. அது மறைந்து E என்றோ 2ஜி என்றோ மாறினால் உங்கள் போனுக்கு அந்த நிறுவனத்தில் அனுமதி இல்லை என்று அர்த்தம். இலவச சிம்கள் இரண்டு மூன்று நிறுவனங்களில் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒரு திட்டத்தில் காசு போடுங்கள். இந்தியப் போனுக்கு என்னுடைய முதல் தேர்வு ஈஈ டவரில் ஓடும் ஏதாவதொரு மலிவு சிம். அவர்களின் 4ஜி பெரும்பகுதி பேண்ட் 3-ல் இருக்கிறது, 2ஜி-யும் இருக்கிறது. நகரத்துக்குள் ஓ2-வும் பரவாயில்லை, அவர்களிடம் பேண்ட் 40 உண்டு.

வைஃபை காலிங், அதாவது சிக்னல் இல்லாத இடத்தில் வைஃபை வழியாகவே கால் பேசும் வசதி, இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாணவர் வீடுகள் பலவற்றில் தரைக்குக் கீழே உள்ள அறைதான் மலிவாகக் கிடைக்கும், அங்கே சிக்னல் எட்டாது. சில குட்டி நிறுவனங்களில் இந்த வசதி கிடையாது, இருந்தாலும் உங்கள் மாடலுக்கு உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

புதுப் போன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இந்தியாவில் வாங்காதீர்கள், அங்கே போய்ப் பழைய போன் வாங்குங்கள். நான்கைந்து வருடத்துக்கு முன் வந்த ஐபோனோ பிக்சலோ நூற்றைம்பது, இருநூறு பவுண்டில் நல்ல நிலையில் கிடைக்கும், எல்லா பேண்டும் இருக்கும், வோல்ட்இ-க்கும் வம்பு வராது. சி.இ.எக்ஸ் கடைகளிலும் பேக் மார்க்கெட் போன்ற தளங்களிலும் வாங்கினால் வாரன்டி உண்டு. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம் என்பது அங்கே சட்டம். ஃபேஸ்புக்கில் ஆளைப் பார்த்து வாங்குவது மட்டும் ஆபத்து, திருட்டுப் போனாக இருந்தால் நாலு நாளில் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை முடக்கிவிடுவார்கள், அதன் பிறகு எந்த பிரிட்டிஷ் சிம்மும் அதில் எடுக்காது. பேசி முடித்துக் காசு கொடுக்கும் முன் *#06# அடித்து வரும் அந்த எண் திருட்டுப் போன் பட்டியலில் இல்லையா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிறுவனத்தின் சிம் மட்டுமே எடுக்கும்படி பூட்டிய போன்களை விற்பதை பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021 டிசம்பரிலிருந்து தடை செய்துவிட்டது. ஆனால் அதற்கு முன் விற்ற பழைய போன்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் எல்லா சிம்மும் எடுக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.


ஹாரோவாசி:

தம்பி, அம்மாவோடு தினமும் கதைக்க வேணும் என்று எழுதியதைப் பார்த்துத்தான் பதில் போடுகிறேன். நான் யாழ்ப்பாணம், லண்டனுக்கு வந்து கனகாலம். எங்கட ஆட்கள் ஊருக்குக் கதைப்பதற்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தக் காலத்தில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் கடைகளில் கோலிங் கார்ட்தான். சுரண்டி எண்ணை எடுத்து, ஒரு நம்பருக்கு அடித்து, பிறகு அந்த எண்ணை அடித்து, அதற்குப் பிறகுதான் ஊர் நம்பரை அடிக்க வேணும். கார்டில் போட்டிருக்கிற நிமிடம் ஒன்று, கிடைக்கிற நிமிடம் வேறொன்று. அந்தத் தேவையிலிருந்துதான் லெபாரா, லைக்கா இரண்டும் வளர்ந்தன. லெபாரா 2001-ல் ஈழத்தமிழர் மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது, லைக்கா மொபைல் 2006-ல் அல்லிராஜா சுபாஸ்கரன் தொடங்கியது. வெளிநாட்டுக்குக் கதைக்கிறவர்களை முதல் வாடிக்கையாளராக வைத்துத் திட்டம் போட்ட நிறுவனங்கள் என்றபடியால் உங்களுடைய தேவைக்கு முதலில் பார்க்க வேண்டியதும் இந்த வகைதான்.

கவனிக்க வேண்டியது இதுதான். விளம்பரத்தில் அன்லிமிடெட் மினிட்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும், அது பிரிட்டனுக்குள் கதைப்பதற்கு மட்டும். சர்வதேச நிமிடங்கள் என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதன் கீழே நாடுகளின் பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலில் இந்தியா இருக்கிறதா, லேண்ட்லைனுக்கு மட்டுமா, மொபைலுக்குமா என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். இந்தியாவுக்கு அநேகமாக இருக்கும், கோலை அங்குள்ள நெட்வொர்க்கில் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு குறைவு. இலங்கைக்குத்தான் எப்போதும் கூட, எங்கட ஆட்கள் இந்தப் பட்டியலைப் பார்க்காமல் வாங்கி ஏமாந்த கதை நிறைய இருக்கு. பட்டியலில் இல்லாத நாட்டுக்கு அடித்தால் திட்டத்துக்கு வெளியே நிமிடத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேல் வெட்டுகிற இடங்களும் உண்டு.

நிமிடத்தையும் கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்றாலே மாதம் முந்நூறு நிமிடம். நூறு சர்வதேச நிமிடம் தருகிற திட்டம் உங்களுக்குப் பத்து நாளில் முடிந்துவிடும், அதற்கு மேல் தருகிற திட்டமாகப் பாருங்கள். இல்லையென்றால் சிம் திட்டத்தை ஆக மலிவாக வைத்துக்கொண்டு, ரெப்டெல் மாதிரி ஒரு செயலியில் இந்தியாவுக்குத் தனி மாதத் திட்டம் எடுக்கலாம். உங்கட பக்கம் நெட்டில் போகும், அம்மாவுக்கு சாதாரண கோலாக வரும், அவவிடம் நெட் இருக்கத் தேவையில்லை. பழைய ஆலோசனைகளைத் தேடினால் ஸ்கைப்பில் காசு போட்டுக் கதையுங்கள் என்று இருக்கும், ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2025 மே 5-ம் திகதி மூடிவிட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அம்மாவின் போனில் உங்கள் பிரிட்டன் நம்பரைப் பெயரோடு பதிந்து வையுங்கள். இங்கே நம்பர் 07 என்று தொடங்கும், அந்த முதல் சைபரை விட்டுவிட்டு +447 என்று பதிய வேணும், பட்டன் போனில் 0 அல்லது * பொத்தானை அழுத்திப் பிடித்தால் + வரும். வெளிநாட்டு எண்ணிலிருந்து மோசடிக் கோல்கள் கூடிப்போனதால் ஊரில் பெரியவர்கள் +44 என்று கண்டாலே எடுப்பதில்லை. உங்கள் பெயர் திரையில் வந்தால்தான் எடுப்பா.


நீலவானம்:

எல்லோரும் மலிவு மலிவு என்றே சொல்கிறீர்கள். நான் இங்கே வந்த முதல் மாதமே ஒப்பந்தத்தில் புது போன் எடுத்தேன், மாதம் முப்பது பவுண்டு, முன்பணம் கிடையாது. படிக்கிற காலத்தில் கையில் இருநூறு பவுண்டை மொத்தமாக எடுத்து வைக்க எல்லோராலும் முடியாது. நல்ல கேமரா, நல்ல பேட்டரி, சிக்னல் பிரச்சினையும் இல்லை. ஒப்பந்தத்தில் ஒழுங்காகக் கட்டினால் கடன் வரலாறும் உருவாகும், பிறகு வீடு வாடகைக்கு எடுக்க உதவும். தம்பி அதையும் யோசித்துப் பார்க்கலாம்.


கணக்குப்பிள்ளை:

நீலவானம், உங்களுக்கு வேலை இருந்ததால் அது பொருந்தியிருக்கும், இந்தத் தம்பிக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

போனோடு வரும் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம், அதையும் தாண்டி 36 மாதமும் உண்டு. தம்பியின் படிப்பு 12 மாதம். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால் மீதி மாதங்களுக்கான தொகையைக் கேட்பார்கள், கட்டாமல் போனால் கடன் வசூல் நிறுவனத்திடம் போகும், பிறகு என்றைக்காவது பிரிட்டனுக்குத் திரும்பி வந்தால் அந்தக் கறை பதிவில் நிற்கும். கடன் வரலாறு சேரும் என்று போய்க் கெட்ட வரலாறு சேர்ந்துவிடும்.

அடுத்தது கணக்கு. மாதம் 30 பவுண்டு என்றால் 24 மாதத்துக்கு 720. பழைய போனை 180-க்கு வாங்கி, மாதம் 8 பவுண்டு சிம் போட்டால் 12 மாதத்துக்கு 276-ல் முடிந்தது, அதே 24 மாதத்துக்கு இழுத்தாலும் 372-தான். கையில் இருக்கும் ரியல்மியே ஒத்துவந்தால் வருடத்துக்கு நூறு பவுண்டுக்குள் அடங்கிவிடும். அந்த 720-ம் அங்கேயே நிற்காது. இடையில் விலை ஏற்றும் வரி ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும், 2025 ஜனவரி 17 முதல் போடும் ஒப்பந்தங்களில் எந்த மாதம் எத்தனை பவுண்டு ஏறும் என்று முன்கூட்டியே எழுத வேண்டும் என ஆஃப்காம் கட்டளை போட்டிருக்கிறது. ஏற்றக் கூடாது என்று சொல்லவில்லை, எவ்வளவு என்று எழுது என்றுதான் சொல்லியிருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியது நாம்தான்.

இன்னொன்று, புதிதாக வந்தவர்களுக்கு இங்கே கடன் வரலாறே இருக்காது, பலருக்கு விண்ணப்பத்தையே நிராகரித்துவிடுவார்கள். அதனால் மனம் உடைய வேண்டாம், அந்த வழி நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

மாதக் கட்டணத் திட்டம் எதை எடுத்தாலும் செலவு வரம்பை வைத்துவிடுங்கள். 2018 அக்டோபரிலிருந்து எல்லா நிறுவனங்களும் அந்த வசதியைத் தர வேண்டும், திட்டத்துக்கு மேல் ஒரு பென்னி கூடப் போகக் கூடாது என்று பூஜ்யத்திலேயே வைக்கலாம். 03, 01, 02 எண்கள் உங்கள் நிமிடங்களுக்குள் வரும், 0800 இலவசம், 084, 087, 09 என்று தொடங்குபவை தனிக் காசு. மருத்துவ ஆலோசனைக்கு 111, அவசரத்துக்கு 999, இரண்டும் காசில்லை.


முசிறிக்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்தேன், அலைவரிசை அண்ணா சொன்னது போலவே பேண்ட் 20 இல்லை, 3-ம் 40-ம் இருக்கின்றன. இப்போதைக்கு அதையே கொண்டுவந்து ஈஈ டவரில் ஓடும் சிம்மில் சோதித்துப் பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் மட்டும் பழைய போன் வாங்குகிறேன். நோட்டில் மாதம் பத்து பவுண்டு என்று எழுதிவிட்டேன், போனுக்கென்று இருநூறு பவுண்டு தனியாக ஒதுக்கி வைக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். இந்திய நம்பரை எப்படி உயிரோடு வைத்திருப்பது? அப்புறம் ஏதாவது அவசரம் என்றால் அம்மா என்னைக் கூப்பிட என்ன வழி? அம்மாவின் சிம்மில் ஐஎஸ்டி எல்லாம் கிடையாது.


பனிக்காலம்:

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம் தம்பி, வழி ஒன்றுதான்.

உங்கள் போனில் இரண்டு சிம் போடலாம் இல்லையா, ஒன்றில் இந்திய சிம்மை அப்படியே விட்டுவிடுங்கள். கிளம்பும் முன், ஊரில் இருக்கும்போதே, நிறுவனத்தின் செயலியில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவையுங்கள். ரோமிங் பேக் வாங்க வேண்டியதில்லை, வசதி திறந்திருந்தால் போதும், எஸ்எம்எஸ் வந்து சேரக் காசு பிடிப்பதில்லை, ஓடிபி வந்துவிடும். அங்கே போய் இறங்கியதும் அமைப்புகளில் இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இது மிக முக்கியம், தெரியாமல் நெட் அந்தப் பக்கம் ஓடினால் இருப்பு முழுவதும் கரைந்துவிடும்.

ரீசார்ஜ் விடாமல் இருக்க வேண்டும். டேட்டா சேர்ந்த பேக் உங்களுக்குத் தேவையில்லை. குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது, 2025 ஜனவரியில் ஏர்டெல், ஜியோ இரண்டும் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கான பேக்குகளை 1,750 முதல் 1,850 ரூபாய் வாக்கில் கொண்டுவந்தன. கிளம்பும் வாரத்தில் இருக்கும் விலையைப் பார்த்து ஒன்றைப் போட்டுவிடுங்கள், வருடம் முழுக்கத் தலைவலி இல்லை. பேங்க் கணக்கை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்வார்கள், அப்போதே மின்னஞ்சலிலும் ஓடிபி வருமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யுபிஐ-யைப் பொறுத்தவரை என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகளை பிரிட்டன் உட்பட பத்து நாடுகளின் நம்பரோடு இணைக்க 2023 ஜனவரியிலேயே அனுமதி வந்துவிட்டது, உங்கள் பேங்க் அதைத் தருகிறதா என்று விசாரியுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்கள் இந்திய நம்பருக்கே மிஸ்டு கால் கொடுக்கட்டும், அவருக்கு அது உள்ளூர் கால்தான். உங்கள் போனில் மணி அடிக்கும், எடுக்காதீர்கள், எடுத்தால் ரோமிங் கணக்கில் நிமிடத்துக்கு நிமிடம் பிடிப்பார்கள். மணி நின்றதும் பிரிட்டன் சிம்மிலிருந்து திருப்பிக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மிஸ்டு கால் என்றால் பேச வேண்டும் போலிருக்கிறது, அடுத்தடுத்து மூன்று என்றால் உடனே கூப்பிடு என்று வைத்திருக்கிறோம், என் அப்பாவுக்கு அதுதான் வசதியாக இருக்கிறது. போய்ச் சேர்ந்த முதல் நாளே இதை ஒருமுறை இருவரும் சோதித்துப் பாருங்கள், சில சிம்களில் இருப்புத் தொகை இல்லாவிட்டால் வெளிநாட்டில் மணியே அடிக்காது, அப்படியென்றால் சிறு தொகை ஒன்றைப் போட்டு வைக்க வேண்டியிருக்கும்.

நேரத்தையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும் செப்டம்பரில் நம் ஊர் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தைத் திருப்புவார்கள், அன்றிலிருந்து மார்ச் கடைசி வரை ஐந்தரை மணி நேரம். மத்தியானம் மூன்று மணிக்கு வகுப்பு முடிந்து நீங்கள் கூப்பிட்டால் அங்கே குளிர்காலத்தில் இரவு எட்டரை ஆகியிருக்கும், அப்பாவும் தோட்டத்திலிருந்து வந்திருப்பார், இருவரோடும் பேசலாம்.

பிறகு எப்போதாவது வேறு நிறுவனத்துக்கு மாறத் தோன்றினால் நம்பரை விட வேண்டாம். PAC என்ற மூன்று எழுத்தை 65075-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், ஒரு குறியீடு வரும், முப்பது நாளுக்குச் செல்லும், அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் அடுத்த வேலை நாளில் நம்பர் மாறிவிடும். பழைய நிறுவனத்துக்கு போன் போட்டு அனுமதி கேட்கும் வேலையெல்லாம் 2019 ஜூலையோடு போய்விட்டது.


ஹாரோவாசி:

பனிக்காலம் சொன்னதோடு ஒன்று. தம்பி, போய் இறங்குகிற அன்றைக்கு எந்தத் திட்டமும் சரியாக ஓடாமல் போகலாம். அம்மாவிடம் இன்ன நேரத்துக்குக் கட்டாயம் கோல் பண்ணுவேன் என்று சொல்லி வைக்காதீர்கள், அடுத்த நாள் காலைக்குள் கோல் பண்ணுவேன் என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் வாட்ஸ்அப் வைத்திருக்கிற பொடியன் ஒருவனின் நம்பரையும் கையோடு எழுதிக்கொண்டு போங்கள், விமான நிலைய வைஃபையில் அவனுக்கு ஒரு குரல் செய்தி போட்டால் அவன் ஓடிப் போய் அம்மாவுக்குக் கேட்கக் கொடுப்பான்.